அம்மி கொத்தியாச்சா

“ஏட்டி பேச்சி, இன்னிக்கி வாசிச்ச காயிதத்துல எம்பேரு வந்துச்சா?”

தங்கபுஷ்பம் மதினி ஒவ்வொரு தடவையும் இதை மட்டும்தான் கேட்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். என் இடுப்பிலிருக்கும் கழுநீர்க் குடத்தை வாங்கி மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தைத் திருப்பித் தருவாள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பழந்துணி சுற்றியிருக்கும். குடத்தை இடது கையால்தான் தருவாள். மறுபடி நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போயிருப்பாள்.

என் அம்மா மூக்கம்மாள், இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரத்தில் இட்டிலிக் கடை வைத்திருந்தாள். அப்பா இறந்ததும் நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஆட்டுரலுக்கு வந்துவிட்டேன். கடைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் நானும் மாவும் புகையும். ஆள் முன்னால் வந்து நிற்க எனக்குக் கூச்சம். “பேருதான் பேச்சித்தாய். வாயத் தொறந்தா முத்தா உதுந்திரும்?” என்று அம்மா ஏசுவாள். ஆனால் அந்தப் பக்கம் பேசுவது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும். மத்தியானம் அம்மா கண்ணயரும்போது, கேட்டதை நோட்டில் எழுதி வைப்பேன்.

மதினியின் புருஷன் பரமசிவன் அண்ணன் பட்டாளத்திலிருந்து எழுதும் கடிதங்கள் எங்கள் கடைக்குத்தான் வரும். அவனுடைய அப்பா நாறும்பூநாதன் ஊருக்கு நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது குளத்துத் தண்ணீர் திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மண்வெட்டியும் கையுமாக எந்த வரப்பில் நிற்பாரோ, தபால்காரருக்குத் தெரியாது. காலையில் இட்டிலிக்கு மட்டும் தவறாமல் எங்கள் கடைக்கு வருவார். நான் அவரைப் பெரியப்பா என்பேன். அவருக்கோ அவர் வீட்டில் வேறு யாருக்குமோ எழுத்து தெரியாது. பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த சேக் மைதீன் மாமா, மிஷினை நிறுத்திவிட்டு வந்து கடிதத்தைப் பிரித்து வாசிப்பார். சும்மா வாசிக்க மாட்டார். மலை என்று வந்தால் கையை மேலே தூக்குவார். குளிர் என்று வந்தால் நடுங்குவார். அதற்காகவே நாலு பேர் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கடிதம் பெரியப்பா பேருக்குத்தான் வரும். பெண்டாட்டி பேருக்குக் கடிதம் போடுகிறவன் அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. தபால்காரர் ஒரு பெண்பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், கோர்ட்டு நோட்டீசு என்றுதான் நினைப்பார்கள்.

“அன்புள்ள அப்பாவுக்கு, இவ்விடம் சுகம். அவ்விடம் அனைவர் சுகத்துக்கும் எழுதவும். நான் இருக்கும் ஊரின் பேரை எழுதக் கூடாது. மலை என்று மட்டும் எழுதலாம். நம் ஐந்தருவி மலையைப் பத்து தடவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. எனக்கு இரண்டு கோவேறு கழுதைகள் பொறுப்பு. விடிந்ததும் அதுகளைத் தேய்த்துவிட்டு, குளம்பைப் பார்த்து, தீனிப் பையைக் கட்டிய பிறகுதான் எங்களுக்கு டீ. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் டீ ஆறிவிடும்.”

“கழுத தேய்க்கதுக்கா சர்க்காரு சம்பளம் குடுக்கு?” என்றார் குற்றாலிங்கம். அவர் சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் இல்லாத மாதங்களில் எங்கள் கடை பெஞ்சைத் தேய்ப்பவர்.

“நீரு மனுசனத் தேய்க்கீரு, அவன் கழுதையத் தேய்க்கான். தேய்ப்பு ஒண்ணுதான வே,” என்றார் மைதீன் மாமா.

“கழுத காசு குடுக்காதுல்லா.”

“ஒம்ம ஆளுங்க மட்டும் குடுத்துட்டுத்தான் போறானுவளோ?”

பெரியப்பா எதற்கும் சிரிக்க மாட்டார். “மேல வாசியும்,” என்பார்.

கடிதத்தில் கூடாரம் வரும். கூடாரத்தில் உடன் இருக்கும் கோட்டயத்துக்காரர் சாக்கோ வருவார். சேலத்துக்காரர் ஒருவர் வருவார். போர்வையைத் திரையாகக் கட்டி சினிமா காட்டியது, காலுறைக்குள் அட்டை ஏறியது, ரம்மைக் குடிக்காமல் வடக்கத்திக்காரனிடம் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொண்டது, எல்லாம் வரும். வீட்டிலிருந்து அனுப்பிய காய்ந்த நார்த்தங்காயைக் கத்தியால் துண்டு போட்டுப் பங்கு வைத்தார்களாம். ரொட்டியும் பருப்பும் தின்று நாக்கு செத்தவர்கள் அதை மிட்டாய் மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு காவலுக்குப் போனார்களாம். அந்த நார்த்தங்காயைக் கீறி உப்பு அடைத்துக் காயவைத்தது மதினிதான். ஆனால் பெரியப்பா வீட்டுக்குப் போய், “நல்லா இருக்கானாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

கல்யாணம் முடிந்து போனவன், மறு வருஷம், அதாவது அறுபத்தொன்றில், ஐப்பசியில் லீவில் வந்தான். அடைமழை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்களை வாசலையொட்டி ஒரு தாழ்வாரம். மதினி அங்கே குனிந்து அம்மியில் மசாலை அரைப்பாள். அவன் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து ஒரு மண்வெட்டிக் காம்பைச் செதுக்கிக்கொண்டே இருப்பான். நான் கழுநீர் கொண்டுபோகும்போதெல்லாம் அதே காம்பு. அந்த லீவு முழுக்க அந்தக் காம்பு செதுக்கி முடியவில்லை. அவன் தாயார் ஆவுடையம்மாள், “காம்பச் செதுக்குதானா, பல்குச்சி செதுக்குதானா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். தீபாவளி கழித்துத் திரும்பிப் போனான். அடுத்த சாரலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழியில் வந்த கடிதத்தில்தான் அது நடந்தது.

“இங்கே நேற்று பனி விழுந்தது. மாவு சலிக்கும்போது பறப்பதுபோல இருந்தது. தீபாவளிக்கு முந்திரிக்கொத்து மாவு சலித்துவிட்டு, புஷ்பம் தலையெல்லாம் வெள்ளையாக வந்து நின்றது ஞாபகம் வந்தது. நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டு எழுதவும்.”

மைதீன் மாமா வாசித்துவிட்ட பிறகுதான் என்ன வாசித்தோம் என்று உணர்ந்தார். அதற்குள் பெஞ்சு அதிர்ந்துவிட்டது.

“கோவம் போயிட்டான்னு கேட்டு எழுதணுமாம்லா! யாரு போயிக் கேக்கது?” என்றார் குற்றாலிங்கம். “அண்ணாச்சி, மருமகட்ட நீரு போயிக் கேளும். ‘ஏளா, கோவம் போயிட்டா?’ன்னு.”

பெரியப்பா பாதி இட்டிலியை இலையில் விட்டுவிட்டு எழுந்துபோனார்.

சாயந்தரம் சிற்றாற்றில் தண்ணீர் எடுக்கப் போன மதினியைப் பார்த்து மறுகரையிலிருந்து பயல்கள், “மாவூ… கோவம் போயிட்டா?” என்று கூவினார்கள். அவள் குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டாள். மறுநாள் காலை ஆவுடையம்மாள் விளக்குமாற்றோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். “எங்க வீட்டுக் காயிதத்துல உள்ளது இனி எவன் வாயிலேர்ந்தாவது வெளிய வந்துச்சு, பாத்துக்கிடுங்க. காப்பி குடிக்க வாய் இருக்காது.” அதிலிருந்து, கடையில் வாசித்தது கடையோடு நின்றது. யாரும் வீட்டில்கூடப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மருமகளை அவள் கேட்ட கேள்வி வேலி தாண்டி எனக்குக் கேட்டது: “ஊரு சிரிக்க எழுத வச்சிட்டியேட்டி. எம்மவன் இப்படி எழுதுதவனா?”

அன்றைக்கு மத்தியானம் மதினி எங்கள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். மடியிலிருந்து நீலக் கடிதத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எழுதுட்டி. ‘இனிமே நீங்க எழுதுத காயிதத்துல எம்பேரும் எம்பேச்சும் வரப்பிடாது. வந்தா நா பொறந்த வீட்டுக்கு, கடயத்துக்கே போயிருவேன்.’ அம்புட்டுத்தான்.”

எழுதினேன். “இப்படிக்கு யாருன்னு போட மதினி?”

“இப்படிக்குன்னு மட்டும் போடு. அவுகளுக்குத் தெரியும்.”

தாளில் முக்கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி சுற்றிய கையால் அந்த இடத்தைத் தடவினாள்.

“இம்புட்டு இடமும் சும்மாவாட்டி போகுது?”

“வேணும்னா, ‘கோவம் போயிட்டு’ன்னு ஒரு வரி போடவா?”

“செருப்பு பிஞ்சிரும்,” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சோற்றுப் பருக்கையால் தாளை ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அவள் பேரில்லை. பேச்சுமில்லை. கழுதைகள் இருந்தன. சாக்கோவின் பாட்டு இருந்தது. தூக்கிப்போன மாவு மூட்டை பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்ததும், தண்ணீர் பிடித்து வைத்த வாளி விடிவதற்குள் கல்லானதும் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, புதிதாக ஒரு வரி வரத் தொடங்கியது.

“வீட்டு அம்மி தேய்ந்து வழுவழுத்துப் போயிருக்கிறது. கொத்துகிறவன் வந்தால் கொத்தச் சொல்லவும்.”

அடுத்த கடிதத்தில், “அம்மி கொத்தியாச்சா?”

அதற்கடுத்ததில், “அம்மி கொத்தியாச்சா என்று நீங்கள் எழுதவில்லையே.”

“சீனாக்காரனப் பாத்துக்கிட்டு நிக்கவனுக்கு அம்மிக் கவலையப் பாரும்,” என்றார் குற்றாலிங்கம். “கல்யாணத்துல இவன் பொண்டாட்டிய அம்மி மிதிக்க வச்சான். இப்ப அம்மி இவன மிதிக்கி.”

பெரியப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: “துவையலு ஆசைவே. ஒண்ணு ரெண்டா நெரிச்ச துவையலு அவனுக்கு எறங்காது. வார லீவுக்கு நல்ல துவையலு வேணும்னு இப்பமே சொல்லி வைக்கான்.” எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கும்.

பெரியப்பா அதைத் தன் வீட்டுக்காரியிடம் எந்த வரப்பில் வைத்தோ சொல்லியிருக்கிறார். ஏனென்றால் ஆவுடையம்மாள் என் அம்மாவிடம் வந்து புலம்பினாள்.

“அம்மி கொத்தணுமாம் மூக்கு. கொத்தலாமா, நீயே சொல்லு. ஆம்பிள சண்டைச் சீமையில நிக்கும்போது வீட்டுக் கல்லுல இரும்பு படலாமா? எங்க அம்மை அப்படித்தான் ஒருக்கக் கொத்த விட்டா. பர்மாவுக்குப் போன எங்க அண்ணன் எலும்புகூட வரல. இவன் வந்து நடையில கால் வைக்கட்டும். மறுநிமிசம் கொத்தச் சொல்லுதேன்.”

“மருமவட்ட சொன்னியா?”

“அவட்ட என்னத்த சொல்ல? வெறும்பயத்த அவளுக்கும் குடுக்கவா?”

தெருவில் “அம்மி கொத்தலியோ அம்மீ…” என்று குரல் கேட்டால் மதினி வாசலுக்கு ஓடிவருவாள். மாமியார் பின்னாலேயே வந்து அந்த ஆளைப் போகச் சொல்லிவிடுவாள். அவன் உளியும் சுத்தியலும் குலுங்க அடுத்த வீட்டுக்குப் போவான். மதினி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை உடைக்கத்தான் கிழவி இப்படிச் செய்கிறாள் என்று அவள் நினைத்திருப்பாள். வழுக்கும் அம்மியில் மிளகாய் அரைபட எத்தனை இழுப்பு இழுக்க வேண்டும் என்பது அரைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

ஆனியில் சாரல் இறங்கியது. குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆள் வந்தது. நாங்கள் இரண்டு மடங்கு மாவாட்டினோம். ஆடியும் போனது. பரமசிவன் அண்ணன் வரவில்லை. எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள் என்றும், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மறுபடி அவிழ்த்தேன் என்றும் எழுதியிருந்தான். பெரியப்பா வீட்டில் போய், “வரலயாம்” என்றார்.

மதினி தொட்டியடியில் என்னைப் பிடித்தாள். “எம்பேரு?”

“இல்ல மதினி.”

முதல்முறையாக அவள் உள்ளே போகாமல் நின்றாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். மாடு கழுநீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“வேண்டாம்னு எழுதச் சொன்னது நீங்கதான மதினி,” என்றேன்.

“நா சொன்னேன். கோவத்துல ஒருத்தி சொன்னா அத அப்படியே எடுத்து முடிஞ்சி வச்சிக்கிடுததா? பிரியம் இருக்கவுக மீறி எழுதுவாகட்டி.”

“அப்பம் எழுதலாம்னு இன்னொரு காயிதம் போடுவோமா?”

“கேட்டு வாங்கித் திங்குத சோறு தொண்டையில எறங்குமா?” என்றாள். குடத்தை என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஐப்பசியில் சண்டை வந்தது. மைதீன் மாமா கடிதத்துக்குப் பதிலாகப் பேப்பர் வாசித்தார். வாயில் நுழையாத ஊர்ப் பேர்களாக வந்தன. கையைத் தூக்கி நடித்துக் காட்டுவதெல்லாம் நின்றுபோனது. தென்காசியில் பெண்கள் கம்மலையும் மோதிரத்தையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். பெரியப்பா தினமும் வந்தார். தபால்காரர் சைக்கிளில் ஏறிப் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இலையை மடித்து எறிவார். கார்த்திகையில் ஒருநாள் அவர் மடையைத் திறந்தவர் அடைக்க மறந்துபோனார். யார் நாற்றங்காலையோ தண்ணீர் மூடிவிட்டது. அவர் காலத்தில் அப்படி நடந்ததில்லை. நாற்றுக்காரர் வந்து கத்த வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “போட்டும் அண்ணாச்சி, மறுபடி வெதச்சிக்கிடலாம்” என்று போய்விட்டார்.

அந்த வாரம் மதினியின் அண்ணன் இசக்கிப்பாண்டி கடையத்திலிருந்து வந்தார். பின்வாசலில் நின்றுதான் தங்கச்சியிடம் பேசினார். நான் குடத்தோடு போய் மாட்டிக்கொண்டேன்.

“பிள்ளையும் இல்ல. ஒரு வருசமா ஒன்ன ஏன்னு கேக்கவும் இல்ல. காயிதம் காயிதமா எழுதுதானாம்லா, ஒனக்கு ஒரு எழுத்து உண்டா? நீ எதுக்கு இங்கன கெடந்து இவுகளுக்கு அரைச்சுப் போடணும்? கல்யாணத்தத் தீத்துக்கிட்டு வா. நல்ல எடமா நா பாக்கேன்.”

“உசுரோட இருக்காகளான்னே தெரியல. இப்பப் போயி தீத்துக்கிட்டு வரச் சொல்லுதீகளேண்ணே.”

“தெரிஞ்ச பொறவு?”

மதினி மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். “ஒரு காயிதம் வரட்டும். அதுல எம்பேரு இருந்தா நா இங்கனயே கெடப்பேன். இல்லன்னா நீங்க சொன்னபடி வாரேன்.” என் பக்கம் கையைக் காட்டினாள். “இவா பொய் சொல்ல மாட்டா.”

அதன் பிறகு சைக்கிள் மணி கேட்டாலே ஆட்டுரலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தட்டியில் காதை வைப்பேன்.

மார்கழி பாதியில் கடிதம் வந்தது. மேலே எழுதியிருந்தது வேறு கை. மைதீன் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அன்புள்ள அப்பாவுக்கு, பரமசிவன் சொல்ல, சேலத்துக்காரர் எழுதுகிறார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உயிருக்குப் பயமில்லை. பல நாள் காட்டில் நடந்து வந்தோம். பனியில் கை புண்ணாகிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கழுதைகளை அவிழ்த்து விட்டுவிட்டோம். ஒன்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. சாக்கோ வரவில்லை. அவர் வீட்டுக்கு யாராவது எழுதினார்களா என்று தெரியவில்லை. அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லவும். அம்மி கொத்தியாச்சா என்று ஒரு வரி எழுதவும்.”

யாரும் சிரிக்கவில்லை. குற்றாலிங்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பெரியப்பா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு சாலையில் ஓடினார். மண்வெட்டி எங்கள் கடையிலேயே கிடந்தது.

நான் குடத்தோடு போனபோது அவர்கள் வீட்டு முன்பக்கம் ஊர்ச் சனம் நின்றது. ஆவுடையம்மாள் அழுதுகொண்டே எல்லோருக்கும் சீனி கொடுத்துக்கொண்டிருந்தாள். மதினி பின்பக்கம் தனியாக நின்றாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“கையில புண்ணாம்லா. மாமா சொன்னாக,” என்றாள். பிறகு, “எம்பேரு?” என்றாள்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“இல்ல மதினி.”

அவள் மூச்சை விட்டாள். “உசுரோட இருக்காகள்லா. அது போதும். இனிப் போறதுக்கு எனக்குப் பயமில்ல,” என்றாள்.

“அதில்ல மதினி, அதுல…” என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்பக்கமிருந்து மாமியார் கூப்பிட்டாள். மதினி போய்விட்டாள். தை பிறப்பதற்கு முன்பே கடையத்துக்கும் போய்விட்டாள்.

பெரியவர்கள் போனார்கள், வந்தார்கள். இசக்கிப்பாண்டி பிடி கொடுக்கவில்லை. “வீட்டு விஷயத்தில் பெரியவர்கள் பார்த்துச் செய்யவும்” என்று பரமசிவன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினான். அதிலும் பேரில்லை. அம்மியும் இல்லை.

அறுபத்துமூன்று ஆனியில், சாரலோடு அவனும் வந்து இறங்கினான். பட்டாளத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் கடைக்கு வந்து காப்பி கேட்டான். வலது கையில் நடு மூன்று விரல்களும் பாதிக்கு மேல் இல்லை. டம்ளரை இடது கையால் வாங்கினான்.

அம்மா கேட்டாள்: “ஒரு எட்டு கடயத்துக்குப் போயிக் கூட்டிட்டு வரலாம்லாய்யா?”

“அவ எனக்கு எழுதுனது ஒரே காயிதம் சித்தி. எம்பேச்சே எடுக்காதீகன்னு. அதையும் மீறவா? அப்பம் முழுக் கை இருந்துச்சு, அப்பமே வேண்டாம்னுட்டா.” காப்பியைக் குடிக்காமலே டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். “வார ஆவணிக்கு அவளுக்கு வேற எடம் பேசி முடிச்சிட்டாகளாம்.”

அன்றைக்கே சந்தைக்குப் போய் ஓர் உளி வாங்கி வந்தான். தாழ்வாரத்தில் அம்மியைக் கிடத்திக் கொத்த ஆரம்பித்தான். உளியைப் பாதி விரல்களுக்குள் துணியால் கட்டிக்கொண்டு, இடது கையால் சுத்தியல். உளி நழுவும், மறுபடி கட்டுவான். கொத்துகிற ஆள் ஒரு வேளையில் முடித்துவிட்டுப் போகிற வேலை. இவனுக்கு நாள் நாளாக இழுத்தது. டக், டக் என்று தெரு முழுக்கக் கேட்கும். ஆவுடையம்மாள் இப்போது தடுக்கவில்லை. “ஆருக்குலே கொத்துதே?” என்று மட்டும் கேட்டாள். அவன் அடுத்த குழியைக் கொத்தினான்.

தீர்த்துக்கொள்ளும் நாளும் வந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும். மதினி தலை குனிந்தபடியே கிள்ளிப் போட்டாள். அவன் கைக்குத் துரும்பு அகப்படவில்லை. இரண்டு தடவை நழுவி விழுந்தது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். இசக்கிப்பாண்டிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் அவன் துரும்பைப் பல்லில் கடித்து இரண்டாக்கிக் கீழே போட்டான்.

பிறகு சீர்ப் பாத்திரங்களை எடுத்து வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். நான் பெரியவர்களுக்குக் காப்பி கொண்டுபோனவள், பின்பக்கம் வந்தேன். மதினி தாழ்வாரத்தில் அம்மிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தாள். கொத்திய குழிகள் ஒழுங்கில்லாமல், ஆனால் நெருக்கமாக இருந்தன.

“இத ஆருட்டி கொத்துனா?”

“அண்ணன்தான்.”

“அவுகளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் தனக்குத்தானே. “லீவுல வந்தப்ப ஒரே ஒருக்கச் சொன்னேன். அம்மி வழுக்குது, கை விட்டுப்போவுதுன்னு. காம்பு செதுக்கிக்கிட்டு இருந்தாக. கேட்ட மாதிரியே காட்டிக்கிடல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துவையல் இல்லை.

“மதினி, எல்லாக் காயிதத்துலயும் அண்ணன் அதத்தான் கேட்டிருந்தாக.”

“எத?”

“அம்மி கொத்தியாச்சான்னு.”

“எந்தக் காயிதத்துல?”

“நீங்க எழுதச் சொன்னதுக்குப் பொறவு வந்தது எல்லாத்துலயும். கடைசியா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துச்சே, அதுலயும்.”

அவள் என்னைப் பார்த்தாள். அடித்துவிடுவாளோ என்று இருந்தது. “ஏன்ட்டி சொல்லல?”

“நீங்க பேரத்தான மதினி கேட்டீக.”

அவள் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முன்பக்கமிருந்து இசக்கிப்பாண்டி, “ஏறுட்டி, மழ வலுக்கு முன்ன போயிருவோம்” என்று சத்தம் கொடுத்தார். அவள் எழுந்து போய் வண்டியில் ஏறினாள். வண்டிக்காரன் நுகத்தைத் தூக்கினான்.

பரமசிவன் அண்ணன் தாழ்வாரத்துக்கு வந்தான். அம்மியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். பெரியப்பா ஒரு முனையைப் பிடிக்க வந்தார். வேண்டாமென்று தலையை ஆட்டினான். வயிற்றில் சாய்த்துக்கொண்டு நடந்துபோய், வண்டியில் வைக்கோலை ஒதுக்கி, பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தான். திரும்பிவந்து குழவியையும் எடுத்துப்போனான். கழுத்தில் கிடந்த பட்டாளத்துக் கம்பளித் துண்டை அவிழ்த்து, உருளாமல் இருக்க அதைக் குழவிக்கு அணை கொடுத்தான்.

“ஏலே, வீட்டு அம்மியத் தூக்கிக் குடுக்கியே, நா எதுலலே அரைப்பேன்?” என்று ஆவுடையம்மாள் கேட்டாள். பாதியில் அவளுக்கே குரல் உடைந்துவிட்டது.

அவன் வண்டியில் இருந்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த அப்பாவின் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். குளத்துக்கரைப் பக்கம் நடந்தான்.

“கோவம் அன்னிக்கே போயிட்டு,” என்றாள் மதினி.

சத்தமாகத்தான் சொன்னாள். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. “தீத்த பொறவு என்ன பேச்சு?” என்று இசக்கிப்பாண்டி பல்லைக் கடித்தார்.

பரமசிவன் அண்ணன் நின்றான். மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த கையில் அந்தப் பாதி விரல்கள் ஒருமுறை இறுகின. சாரல் முதுகில் சட்டையை ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிப் பாராமல் வரப்பில் இறங்கி நடந்துபோனான்.